பாங்காக்கில் 23 நாள்: ஊரைப் பார்த்தேனா, ஒரு தெருவைப் பார்த்தேனா?

வடசேரிக்காரன் | சனி, இரவு 11.40

மக்களே, போன மாதம் இதே இடத்தில் "பாங்காக் போகலாமா, வேண்டாமா" என்று கேட்டு உங்கள் உயிரை வாங்கியவன் நான்தான். வந்து 23 நாள் ஆகிறது. எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன், எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், ஒரு சாயாவும் ரசவடையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

தெரியாதவர்களுக்கு: நான் இணையதளங்களுக்கு நிரல் எழுதுகிறவன், வேலை தருகிறவர்கள் ஜெர்மனியில். நாகர்கோவில் வடசேரி வீட்டு மாடியில் நாலு வருஷமாகப் பார்த்த அதே வேலைதான், லேப்டாப் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

வருவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டேன். பாங்காக் மாநகரத்தின் பரப்பு 1,569 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டம் சுமார் 1,670. அதாவது களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை மலை, காடு, ரப்பர் தோட்டம், கடற்கரை எல்லாம் சேர்த்த நம் மொத்த மாவட்டத்தைவிட இந்த ஊர் கொஞ்சம் சின்னது. பார்த்ததும் ஒரு தெம்பு வந்தது, இவ்வளவுதானே, ஒரு மாதத்தில் பார்த்து முடித்துவிடலாம் என்று. நாம் 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர். இங்கே பதிவில் இருப்பவர்களே 50 லட்சத்துக்கு மேல், பதியாமல் பிழைக்க வந்தவர்கள் தனி. விமான நிலையத்திலிருந்து ரயில் ஏறிய பத்தாவது நிமிடத்தில் என் தெம்பு இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் கட்டடம். முடிகிற இடமே வரவில்லை.

அதைவிட ஒன்று. நம்மூரில் எங்கே நின்றாலும் ஒரு பக்கம் மலை தெரியும், வேளிமலையோ மருந்துவாழ்மலையோ. அதை வைத்துத்தான் திசை தெரிந்துகொள்கிறோம் என்பதே இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இங்கே மலையே கிடையாது, ஒரே தட்டை. முதல் வாரம் முழுக்க எனக்கு வடக்கு தெற்கு தெரியவில்லை. பட்டப்பகலில், மேம்பாலத்து நடைபாதையில், போனைத் தட்டாமாலை சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இனி சொதப்பல். அறை விளம்பரத்தில் "ஆன் நுட் ஸ்கைட்ரெயின் நிலையத்திலிருந்து 5 நிமிடம்" என்று போட்டிருந்தது (ஸ்கைட்ரெயின் என்றால் தூண்களுக்கு மேலே ஓடும் நகர ரயில்), மாதம் 15,000 பாட் (இந்த ஊர்ப் பணம்), நீச்சல்குளம் படம் வேறு. பணம் கட்டிவிட்டேன். 5 நிமிடம் பொய்யில்லை, பைக்கில் போனால் 5 நிமிடம். ஆன் நுட் என்பது சுகும்வித் பெரிய சாலையின் 77ஆம் சோய். சோய் என்றால் கிளைத்தெரு என்று நினைத்துக்கொண்டு வந்தேன், இந்தக் கிளைத்தெரு பல கிலோமீட்டர் ஓடுகிறது, அதற்கே எண் போட்ட கிளைகள் இருக்கின்றன, அந்தக் கிளை ஒன்றின் கடைசியில் என் கட்டடம். நிலையத்திலிருந்து 3 கிலோமீட்டர். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் என்று சொல்லி ஒழுகினசேரியும் தாண்டிக் கொண்டுபோய் விட்ட கதை.

சோய் எண்ணிலும் ஒரு கூத்து. சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. சரி, 63க்கு எதிரே 64 இருக்கும் என்று தேடினால், எதிரே 42 இருக்கிறது. இரண்டு பக்கமும் அவரவர் வேகத்துக்கு எண்ணிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சோய் முனையில் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட பைக் டாக்சிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், முதுகில் எண் இருக்கும். நம் செட்டிகுளம் ஆட்டோக்காரர்கள் மாதிரியே முறை வைத்துப் போகிறார்கள், ஆனால் பேரம் கிடையாது, பலகையில் எந்த இடத்துக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, அதுதான். எனக்கு அவர்களிடம் குறையில்லை. ஆனால் ஒரு தடவை வெளியே போய் வந்தால் பைக்குக்கு இரண்டு முறை, ரயிலுக்கு இரண்டு முறை காசு. அதற்கு மேல் செப்டம்பர் மழை. மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் அரை மணி நேரத்தில் சோயில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதனால் என்ன ஆயிற்று என்றால், 23 நாளில் 16 நாள் நான் அந்தத் தெருவை விட்டு வெளியே போகவில்லை.

அந்த 16 நாளில் நான் அறிந்த பாங்காக் எது தெரியுமா? ஒரு செவன் இலெவன் கடை. ஒரு நூடுல்ஸ் அக்கா. கட்டடத்துக்கு வெளியே சுவரோரம் நிற்கும் ஒரு தண்ணீர் இயந்திரம். குழாய்த் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, பெரிய பிளாஸ்டிக் கேனைக் கொண்டுபோய் இயந்திரத்தின் சின்னக் கதவைத் திறந்து உள்ளே வைத்து, ஒரு பாட் காசு போட்டால் ஒரு லிட்டர் சொச்சம் விழும். ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து கேனோடு இறங்குவேன். அந்த நேரத்துக்கு எதிர்க் கட்டடத்து வயதான ஐயா ஒருவரும் வருவார், இரண்டு கேன் வைத்திருப்பார், என்னிடம் ஒன்றுதான் என்பதால் என்னை முதலில் பிடிக்கச் சொல்லிக் கையைக் காட்டுவார். பேச்சு கிடையாது. இந்த ஊரில் என்னை முதலில் அடையாளம் தெரிந்துகொண்ட ஆள் அவர்தான்.

பணத்தில் பட்ட அடி இரண்டு. எங்கு பார்த்தாலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது, ஆனால் அது அவர்களுடைய பிராம்ப்ட்பே, இந்த ஊர் வங்கிக் கணக்கு வேண்டும். ஜிபேயில் பழகிய கை தானாகப் போனை நீட்டிவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பும். ஏடிஎம்மில் எடுத்தபோது வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் பிடித்தார்கள், நம் காசுக்கு 500 ரூபாய்க்கு மேல். நான் புத்திசாலித்தனமாக ஆயிரம் ஆயிரமாக எடுத்தேன், நாலு தடவை. அடுத்தது மின்சாரம்: வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 பாட் போட்டிருக்கிறார், அரசு விலையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏசி போட்டுக்கொண்டு அறையிலேயே கிடந்தவனுக்கு வந்த பில்லைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், அம்மாவும் இதைப் படிப்பாள்.

என் கேள்வி இதுதான். இன்னும் 37 நாள் இருக்கிறது. இந்த ஊர் எனக்குப் பிடிக்கவில்லையா, இல்லை அந்த 3 கிலோமீட்டர்தான் பிடிக்கவில்லையா என்றே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஆரல்காத்து | ஞாயிறு, காலை 6.55

நான் நேராகவே கேட்கிறேன் மக்கா, கோபப்படாதே. நானும் இதே மாதிரி வேலைதான் பார்க்கிறேன், ஆரல்வாய்மொழியில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே காற்றாலை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, அதைப் பார்த்து அம்மா அழுவதில்லை. நீ அங்கே போய் 16 நாள் ஒரு அறைக்குள் இருந்திருக்கிறாய். அந்த அறை பாங்காக்கில் இருந்தால் என்ன, பார்வதிபுரத்தில் இருந்தால் என்ன? பெங்களூரில் மூன்று வருஷம் நானும் இப்படித்தான் இருந்தேன், ஆபீஸ், பிஜி, ஆபீஸ், பிஜி. ஊரைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

---

குளச்சல்_மாலுமி | ஞாயிறு, காலை 8.10

தம்பி வடசேரி, நீ எழுதினதைப் படித்ததும் பழைய ஞாபகம் வந்துவிட்டது. 90களின் கடைசியில் நான் சரக்குக் கப்பலில் இருந்தபோது லேம் சபாங் துறைமுகத்தில் இறங்கி, லீவு கிடைத்தால் பஸ் பிடித்து பாங்காக் வருவோம். ஸ்கைட்ரெயின் எல்லாம் அப்போது கிடையாது, அது 1999 டிசம்பரில்தான் ஓடத் தொடங்கியது. நான் பார்த்தது ரயில் பாதையோரம் வெறும் கான்கிரீட் தூண்கள் வரிசையாக நின்றதை, ஹோப்வெல் என்று ஒரு பெரிய திட்டம், பாதியில் நின்றுபோனது. மேலே ஒன்றும் இல்லாத தூண்கள், பார்த்தால் ஏதோ பாழடைந்த கோயில் மாதிரி இருக்கும். சாலையில் பஸ் நகரவே நகராது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேப்பர் படிப்பார்.

அப்போது எங்கள் போசன் (கப்பலில் மாலுமிகளை மேய்க்கிறவர்) ஒருவர் சொல்லிக்கொடுத்த வித்தை இன்றைக்கும் செல்லும்: அந்த ஊரைச் சாலையில் பார்க்காதே, தண்ணீரில் பார். சாவ் பிரயா ஆற்றில் படகு போகிறது, அதைச் சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். அது வேண்டாம். க்லோங் சேன் சேப் என்று ஒரு கால்வாய், மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் 1837இல் வெட்டத் தொடங்கியது, ஊரின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அதில் வேலைக்குப் போகிற சனங்கள் ஏறும் படகு ஓடுகிறது. போய் ஏறு. நம்ம ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயிலும் ஒரு காலத்தில் வள்ளம் போனது என்று எங்கள் தாத்தா சொல்வார், இப்போது எங்கள் ஊர்ப்பக்கம் அது பாதி இடத்தில் மண்ணும் பாசியுமாகக் கிடக்கிறது. அங்கே தண்ணீர் நாறும், அதை இப்பவே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஓடுகிறது.

---

தக்கலை_கணக்கு | ஞாயிறு, காலை 9.30

எல்லோரும் ஊர் அழகு பேசுகிறீர்கள், நான் காகிதம் பேசுகிறேன், திட்டாதீர்கள். இந்தியர்களுக்கு 2024 ஜூலை 15 முதல் 60 நாள் விசா இல்லாமல் தங்க அனுமதித்தார்கள், வடசேரி அதில்தான் போயிருக்கிறார் என்று நினைக்கிறேன். அது சுற்றுலாவுக்கு. லேப்டாப்பில் வெளிநாட்டு வேலை பார்ப்பதை யாரும் வந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பது வேறு, சட்டப்படி சரி என்பது வேறு. அதற்கென்றே அதே மாதம் டிடிவி என்று ஒரு விசா கொண்டுவந்தார்கள்: ஐந்து வருஷம் செல்லும், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள், கையில் 5 லட்சம் பாட் இருப்பதாகக் கணக்கு காட்ட வேண்டும், வெளியிலிருந்து வேலை பார்ப்பதற்கான கடிதம் வேண்டும், கட்டணம் 10,000 பாட் என்றுதான் அறிவித்தார்கள். சென்னையிலேயே தாய்லாந்து துணைத்தூதரகம் இருக்கிறது, இப்போது விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன். இந்த விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள், யூடியூப் அண்ணன் சொன்னதைப் பார்க்காதீர்கள்.

வரி: ஒரு காலண்டர் வருஷத்தில் 180 நாள் அங்கே தங்கிவிட்டால் அவர்கள் கணக்கில் நீங்கள் வரி கட்டும் குடியிருப்பாளர். 2024 ஜனவரி 1க்குப் பிறகு சம்பாதித்த வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரி கேட்கலாம். நம் பக்கம் 182 நாள் கணக்கு தனி. இரு நாட்டுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் உண்டு, ஆனால் அது தானாக வேலை செய்யாது, காகிதம் போட வேண்டும். இரண்டு மாதத்துக்குப் போனவருக்கு இதில் பயம் ஒன்றும் இல்லை, நம்மூரில் கட்டுகிற வரியை ஒழுங்காகக் கட்டினால் போதும்.

---

மார்த்தாண்டம்_தேன் | ஞாயிறு, பகல் 1.15

அண்ணா, நான் கேட்க நினைத்ததை யாரும் தொடவில்லை. பெண் தனியாகப் போனால்? நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன், வீட்டில் இருந்துதான். வீட்டில் "எர்ணாகுளம் வரைக்கும் போய்ட்டு வா, அதுவே வெளிநாடுதான்" என்கிறார்கள். டிசம்பரில் ஒரு மாதம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ராத்திரி நடக்கலாமா? மீன்கறி இல்லாமல் ஒரு மாதம் எப்படி? இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கேள்வி, முதலாவது அம்மாவுடையது.

---

சிதறால்_செல்வி | ஞாயிறு, மாலை 4.00

தேன், நான் பதில் சொல்கிறேன். நான் தாய்லாந்திலேயே சியாங்மாய் நகரில் இரண்டு வருஷமாக இருக்கிறேன், பாங்காக்குக்கு மாதம் ஒரு தடவையாவது போவேன்.

ராத்திரி நடப்பது: நம்மூரில் எட்டு மணிக்கு மேல் குழித்துறையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இருக்கிற அந்தப் பார்வைத் தொல்லை இங்கே எனக்கு வந்ததில்லை. பெண்கள் பதினொரு மணிக்கும் வேலை முடிந்து தனியாகப் போவார்கள், 24 மணி நேரக் கடைகள் வெளிச்சமாகத் திறந்திருக்கும். எனக்கு பயம் மனிதர்கள் இல்லை, சோய் நாய்கள். பகலில் சாதுவாகக் கிடக்கும், ராத்திரி அந்தத் தெரு அவற்றின் ராஜ்யம். ஓடாதே, கண்ணைப் பார்க்காதே, கையில் ஒரு குடை வைத்துக்கொள். போவதற்கு முன் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்.

அறை எடுப்பது: 30 நாளுக்குக் குறைவாக அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விடுவது அவர்களுடைய 2004 ஓட்டல் சட்டப்படி தப்பு, பாதிப் பேர் விடுகிறார்கள் என்பது வேறு. மாதக் கணக்கில் எடு. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், டிஎம்30 என்பார்கள். அந்த ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள். விசா நீட்டிக்கப் போனால் கேட்பார்கள்.

வடசேரி தம்பிக்கு: உன் பிரச்சினை ஊர் இல்லை, அறைதான். பாங்காக்கில் அறையை வரைபடத்தில் தேடாதே. நிலையத்தின் படிக்கட்டில் நின்றுகொண்டு, செருப்புக் காலோடு பத்து நிமிடம் நடந்து பார், அந்த வட்டத்துக்குள் எது கிடைக்கிறதோ அதுதான் அறை. நீச்சல்குளம் வேண்டாம். நீ எத்தனை தடவை அதில் இறங்கினாய், உண்மையைச் சொல்.

---

வடசேரிக்காரன் | ஞாயிறு, இரவு 10.50

அக்கா, ஒரு தடவை. கால் மட்டும்.

ஆரல்காத்து, கோபம் இல்லை, நீ சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் பதில் இருக்கிறது, ஆனால் இப்போது சொன்னால் சும்மா வாதமாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை அறை மாறுகிறேன். ராம்காம்ஹேங் என்று ஒரு பகுதி, பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கும் இடம், மாதம் 9,000 பாட். மாலுமி அண்ணன் சொன்ன கால்வாயின் படகுத்துறை நடந்தால் ஆறு நிமிடம். நடந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், செருப்போடு.

தக்கலை அண்ணே, நீங்கள் சொன்னது உறைத்தது. அடுத்த தடவை டிடிவி போட்டுத்தான் வருவேன்.

---

ஆரல்காத்து | திங்கள், காலை 7.20

வாதமாகவே சொல், இந்த இழையைத் தவிர எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. இன்னொன்று, உன் நேரக் கணக்கு எனக்குப் புரியவில்லை. பாங்காக் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். ஜெர்மனிக்காரன் காலை 9 மணிக்கு வந்தால் இங்கே 12.30, உனக்கு மதியம் 2. நாகர்கோவிலில் இருந்திருந்தால் ராத்திரி எட்டரைக்கு முடிக்க வேண்டியதை பத்து மணிக்கு முடிக்கிறாய். கிழக்கே போகப் போக ஐரோப்பிய வேலைக்கு ராத்திரிதான் நீளும். இதற்குப் போர்ச்சுகல் போயிருக்கலாம்.

---

வடசேரிக்காரன் | திங்கள், காலை 9.05

போர்ச்சுகலுக்கு நீ டிக்கெட் எடுத்துத் தா. ஆனால் கணக்கு சரிதான், அதை நான் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும். ஒரு நல்லது இருக்கிறது: காலை முழுக்க என்னுடையது. இரண்டு மணி வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். 16 நாள் அந்தக் காலையைத் தூங்கியே தொலைத்தேன். அமெரிக்க வேலை பார்க்கிறவர்கள் இந்தப் பக்கம் வருமுன் இரண்டு தடவை யோசியுங்கள், நியூயார்க் பக்கத்துக் காலை 9 மணி இங்கே ராத்திரி 8 அல்லது 9.

---

வடசேரிக்காரன் | வெள்ளி, பகல் 12.20

மாறிவிட்டேன். எழுதாமல் இருக்க முடியவில்லை, வேலை தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது.

படகு பற்றி முதலில். மாலுமி அண்ணே, நாறும் என்று சொன்னீர்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை. படகு நீளம், தாழ்வான கூரை, ஒரு துறையில் அரை நிமிடம்கூட நிற்காது, ஓரத்து டயரில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்துத் தாவ வேண்டும். முதல் நாள் நான் தயங்கி நிற்க, பின்னால் இருந்த பள்ளிக்கூடப் பையன் என் பையைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டான். டிக்கெட் தருகிற பெண் உள்ளே வருவதில்லை. படகின் வெளி விளிம்பில், தண்ணீருக்கு மேலே, தலையில் ஹெல்மெட்டோடு நடந்து வருகிறார், இடுப்பில் காசுப் பை. எதற்கு ஹெல்மெட் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தாழ்ந்த பாலம் வந்தது, கூரை அப்படியே கீழே இறங்கியது, அவர் குனிந்தார், பாலம் போனது, நிமிர்ந்து எனக்கு மீதிக் காசு தந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பக்கவாட்டில் நீல பிளாஸ்டிக் திரை, அதற்கு ஒரு கயிறு. எதிரே இன்னொரு படகு வந்தால் கால்வாய்த் தண்ணீர் சுவரில் அடித்து உள்ளே தெறிக்கும், அப்போது ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் திரையை உயர்த்த வேண்டும். எனக்கு அது தெரியாது. ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். என் பின்வரிசையில் நாலு பேர், நல்ல இஸ்திரி போட்ட ஆபீஸ் சட்டை. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு அம்மா மட்டும் எட்டிக் கயிற்றைத் தொட்டுக் காட்டி, "இது" என்பது போல் தலையசைத்தார். அதற்கப்புறம் எதிரே படகு தெரிந்தாலே என் கை தானாகக் கயிற்றுக்குப் போகிறது.

அடுத்தது, காலை எட்டு மணி. ஸ்கைட்ரெயின் நிலையத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது. அத்தனை கூட்டமும் நின்றுவிட்டது. நான் நாலு படி ஏறிய பிறகுதான் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்பது தெரிந்தது. தேசிய கீதம், தினமும் காலை 8க்கும் மாலை 6க்கும். முடிந்ததும் யாரோ பொத்தானை அழுத்தியது போல எல்லோரும் நடந்தார்கள். ரயிலுக்குள் இன்னும் அமைதி. அம்மா போன் செய்தபோது வழக்கம்போல் பேசினேன், அதாவது மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பேசுகிற அளவுக்கு. பெட்டி முழுக்கத் திரும்பியது. "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்தேன், அம்மா இன்றுவரை அதற்குக் கோபமாக இருக்கிறாள்.

தோவாளைப் பூச்சந்தைக்காரர்கள் யாராவது இருந்தால் இதைக் கேளுங்கள். பாக் க்லோங் தலாட் என்று பூச்சந்தை, 24 மணி நேரமும் நடக்கிறது. கேந்திப்பூ மூட்டை மூட்டையாக. மல்லிகை மொட்டைச் சரம் கட்டுவதில்லை, ஊசியில் கோத்து உள்ளங்கை அளவு வளையமாக்கி, கீழே ரோஜா குஞ்சம் வைக்கிறார்கள். அதற்குப் பெயர் "மாலாய்". மல்லிக்குப் பெயர் "மலி". டாக்சிக் கண்ணாடியில், கடை வாசல் சாமியிடத்தில், எல்லா இடத்திலும் அதுதான் தொங்குகிறது. ஒரு பாட்டி கோத்துக்கொண்டிருந்தார், நான் கையைக் காட்டி "மாலை" என்றேன். "மாலாய்" என்று திருத்தினார். நான் மறுபடி "மாலை". அவர் மறுபடி "மாலாய்". இரண்டு பேருக்கும் அவரவர் சொன்னதுதான் சரி.

சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்கும் போனேன், 1879இல் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. நான் போனபோது பத்துக்கு எட்டுப் பேர் தாய்லாந்துக்காரர்கள், தேங்காயும் கேந்தி மாலையுமாகத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், நம்மைவிடப் பயபக்தியோடு. உள்ளே படம் எடுக்கக் கூடாது. இங்கே கோயிலை "வாட் கேக்" என்கிறார்கள். கேக் என்றால் விருந்தாளி என்று அர்த்தமாம், நம்மைப் போன்றவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர். 140 வருஷத்துக்கு மேல் ஆகியும் விருந்தாளிதான் போலிருக்கிறது!

தேன், உன் மீன்கறி. சந்தையில் தேங்காயை இயந்திரத்தில் துருவிக் கண் முன்னால் தருகிறார்கள், புளி கிடைக்கும், கறிவேப்பிலைக்கு பாஹுராட் போக வேண்டும், அங்கே நம்மாட்கள் கடைகள் இருக்கின்றன. மீன்: "பிளா தூ" என்று ஒன்று, நம் அயலைக்குத் தம்பி முறை. சின்ன மூங்கில் கூடைக்குள் இரண்டு மூன்று மீன், கூடைக்குள் அடங்குவதற்காகக் கழுத்தை மடக்கி வைத்திருப்பார்கள், வெட்கப்பட்டுத் தலைகுனிந்தது மாதிரி. வாங்கி வந்து அறையில் மின் அடுப்பில் அம்மாவிடம் போனில் கேட்டுக்கேட்டுப் புளிமுளம் வைத்தேன். கொதித்ததும் மீனைப் போட்டேன். மீனைக் காணவில்லை. குழம்புக்குள் முள் மட்டும் இருந்தது.

---

சிதறால்_செல்வி | வெள்ளி, பகல் 12.45

ஐயோ தம்பி!! கூடையில் விற்பது ஏற்கெனவே அவித்த மீன். அதை எண்ணெயில் பொரிக்கத்தான் வேண்டும். பச்சை மீன் ஐஸில் தனியாக இருக்கும், க்லோங் தோய் சந்தையில் போய் வாங்கு.

---

குளச்சல்_மாலுமி | வெள்ளி, பகல் 2.30

வடசேரிக்காரனுக்கு மீன் தெரியாது என்று நான் சொன்னால் ஜில்லாவில் சண்டை வரும், அதனால் சொல்லவில்லை.

---

ஆரல்காத்து | வெள்ளி, இரவு 9.15

இதையெல்லாம் முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் கேட்கிறேன், இது ஒரு மாதத்துக்கு. ஆறு மாதம் ஆனால் அந்தப் படகும் உனக்கு வடசேரி டவுன் பஸ் மாதிரி ஆகிவிடாதா?

---

வடசேரிக்காரன் | வெள்ளி, இரவு 10.25

ஆகிவிடும். இப்போதே பாதி ஆகிவிட்டது, இன்று காலை படகில் தூங்கிவிட்டேன், இரண்டு துறை தாண்டித்தான் விழித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. பழைய அறையில் இருந்தவரை வண்டியில் நான் ஒரு நிமிடம்கூடத் தூங்கி வழியவில்லை, எங்கே போனாலும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு வருத்தம். அந்தத் தண்ணீர் ஐயாவிடம் போகிறேன் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்குச் சொல் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு கேனோடு ஆன் நுட் வரைக்கும் போய்வரலாமா என்று இருக்கிறேன், பைக்குக்கு இரண்டு முறை காசு ஆனாலும் பரவாயில்லை.

---

மார்த்தாண்டம்_தேன் | வெள்ளி, இரவு 11.02

போங்க அண்ணா. மொழிபெயர்ப்பு ஆப் எல்லாம் வேண்டாம், நம்ம முந்திரிக்கொத்து இருந்தால் நாலு கொண்டுபோய்க் கொடுங்க.

அம்மா இந்த இழை முழுக்கப் படித்துவிட்டாள். நாயைப் பற்றி எழுதியதை மட்டும் படிக்காமல் இருந்திருக்கலாம். டிசம்பர் 4க்கு டிக்கெட் பார்த்திருக்கிறேன், கொச்சியிலிருந்து. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: அந்தப் படகில் எந்த இடத்தில் உட்கார வேண்டும்?

---

வடசேரிக்காரன் | வெள்ளி, இரவு 11.10

நடுவில். ஓரம் காலியாக இருக்கிறதே என்று போய் உட்காராதே, காலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. உட்கார்ந்துவிட்டால் கயிறு உன் பொறுப்பு. அப்புறம், ராத்திரிக்கு அதை நம்பாதே, எட்டு மணிவாக்கில் நிறுத்திவிடுவார்கள், சனி ஞாயிறு இன்னும் முன்னால்.

முந்திரிக்கொத்து முதல் வாரமே தீர்ந்துவிட்டது. வரும்போது கொண்டுவா.